கொக்குக் கால்

விழுப்புரத்தில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்போது, நாய்க்குட்டி விற்கும் கடையொன்றில் ஒரு பலகை கண்ணில் பட்டது: ‘பெடிகிரி சான்றிதழ் உண்டு.’ கம்பியை நக்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டிக்கு அப்பன், பாட்டன் பெயரெல்லாம் தெரியுமாம். எனக்குப் பல்வலி மறந்துபோனது.

அந்தச் சொல்லின் வேரை எங்களுக்குக் காட்டியவர் அன்பழகன். திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் நான் கணக்கும் அவர் இங்கிலீஷும் எடுத்தோம். டுடோரியல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கீழே புரோட்டாக் கடை, மேலே பத்தாவது பெயிலானவர்கள். சால்னா வாசனை ஏறிவிட்டால் என் அல்ஜீப்ராவை யாரும் மதிக்கமாட்டார்கள். அவர் வகுப்பில் மட்டும் பசி மறந்து உட்கார்ந்திருப்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்.

“லத்தீன்ல பெஸ்னா பாதம், க்ரூஸ்னா கொக்கு. பிரெஞ்சுல அது பியே த க்ரூ ஆச்சு, கொக்குக் கால். வம்சம் எழுதறவன் அப்பனுக்குக் கீழ புள்ளைங்களுக்கு மூணு கோடு இழுப்பான் இல்ல? அது கொக்குக் கால் மாதிரி இருந்துச்சு. அதத்தான் இங்கிலீஷ்காரன் பெடிகிரின்னுட்டான். சேத்துல நடந்த கொக்குக்கு இதெல்லாம் தெரியுமா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் நின்ற நானும். எங்கள் பழக்கம் அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது.

என்னை முறையாகப் பெண் கேட்க வேண்டும் என்று கிளியனூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், தட்டில் வைத்து, எங்கள் காளையின் தாயை எந்தச் சந்தையில் வாங்கியது என்பதிலிருந்து தொடங்கிப் பிரியமாகத்தான் பேசினார். பிறகு கேட்டார்.

“சாருக்கு எந்த ஊருங்க?”

“வானூர் பக்கங்க.”

“ஊர்லயா, காலனிலயா?”

“காலனிங்க.”

“மோட்டார் ஓடிக்கினு கெடக்குது, பாத்துட்டு வர்றேன்” என்று அப்பா எழுந்து போனார். அன்று கரண்டே இல்லை.

அன்பழகன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், “நான் வர்றேங்க” என்றார். அதுவரை அவர் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

மறுநாளிலிருந்து என்னை வேலைக்கு அனுப்பவில்லை. செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஏழு தலைமுறை தெரிந்த குடும்பம் என்றார்கள். மாப்பிள்ளை குடித்துவிட்டுக் கை ஓங்குகிறவர் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சாகக் கிடந்தபோது அப்பா கேட்டார், “அந்த வாத்தியாரு இப்ப எங்கம்மா இருக்காரு?”

“தெரியாதுப்பா.”

உண்மையாகவே தெரியாது. சாலையை அகலப்படுத்தியபோது அந்த டுடோரியல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். போன மாதம் பேருந்தில், எங்களிடம் படித்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கே தலை நரைத்திருந்தது. ஆவலாக அன்பழகன் சாரைப் பற்றிக் கேட்டேன்.

“இங்கிலீஷ் யாரு எடுத்தாங்கன்னே ஞாபகம் இல்ல மிஸ்” என்றார்.