அஞ்சலா இறைத்த ஊதாக் கிணறு

தாழ்வுபாட்டில் அஞ்சலாவின் பிடிவாதம் ஊருக்கே தெரியும். எதிர்வீட்டுக்காரியான எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். தவக்காலத்தில் கோயிலின் புனிதர் சுரூபங்களை மூடுகிற ஊதாத் துணிக்குக் கோயில்காரர் அவரிடம்தான் வருவார்கள். துணிக்குச் சாயம் போட்டு, அலசிய தண்ணீரை வேலியோரம் ஊற்றிவிடுவார். மணல் தரை, ஊற்றிய கையோடு மறைந்துவிடும். மறைந்தது எங்கே போனது என்று இந்த வருசம்தான் தெரிந்தது. கிணற்றுக்குள்.

அந்தக் கிணறு அவருக்கும் பக்கத்து வீட்டு லூசியாவுக்கும் பொது. இருபது வருசமாக இருவரும் கதைத்துக் கதைத்துத் தண்ணீர் அள்ளிய இடம். வாளியில் ஊதா வந்த அன்று லூசியா ஒன்றும் சொல்லவில்லை. தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான். பிறகு கோயில் குழாயில் தண்ணீர், அஞ்சலாவோடு பேச்சில்லை. ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும் என்று அஞ்சலா என்னிடம் அழுதார்.

கிணற்றை இறைத்து வெளியே விட்டால், மணல் வழியாக அதே சாயம் திரும்பி வரும். ஒருநாள் சிந்திய சாயத்தைத் தேங்காய்த் தும்பால் துடைத்தார். எவ்வளவு அலசியும் தும்பு அந்த நிறத்தை விடவில்லை. அவ்வளவுதான், தும்பு ஆலையில் கழித்துப் போடும் தூளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, அடியில் துளையிட்ட பீப்பாயில் அழுத்தி நிரப்பினார். இறைத்த தண்ணீரை மேலே ஊற்ற, கீழே தெளிவாக வந்தது. அந்தத் தண்ணீரை நான்கு நாளாக லூசியாவின் வாழைக்கன்றுகளுக்கு ஊற்றினார். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லை, பாவம்.

ஐந்தாம் நாள் வாழையிலைகள் ஓரம் கருகின. வலையோ, கயிறோ, தும்போ, எதையும் கடலில் அலசுவதுதான் இங்கே பழக்கம். தூளையும் பீப்பாயில் நிரப்புமுன் அவர் அங்கேதான் அலசியிருந்தார். சாயம் போய் உப்பு வந்துவிட்டது.

லூசியா வேலிக்கு வந்தார்.

"எடியே, உனக்கென்ன விசரோ? கிணத்தைக் கெடுத்தது காணாதெண்டு என்ர வாழையையும் கருக்கிப்போட்டியே!"

நான் சண்டையை விலக்குப் பிடிக்க ஓடினேன். அஞ்சலாவோ கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்றார். நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல் அல்லவா?

"ஏசுங்கோ அக்கா. இன்னும் ஏசுங்கோ."

லூசியா விறுவிறென்று திரும்பினார். வீட்டுக்குள் போய், இரண்டு கான் நிறைய நல்ல தண்ணீரைத் தூக்கிவந்து பீப்பாய்க்குள் கவிழ்த்தார்.

"முதல்ல உப்பைக் கழுவு. நாளைக்கு நானும் இறைக்க வாறன்."

அன்றைக்கு அவர் வீட்டில் குடிக்க இருந்த தண்ணீர் அவ்வளவுதான்.