சதுப்பில் விளைந்த கேரட்

என் மாமா கென்யாவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். லீவில் எங்கள் மலையூரான மஞ்சூருக்கு வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து எதற்கெடுத்தாலும் 'எங்க கென்யாவுல' என்றுதான் ஆரம்பிப்பார். அம்மாவுக்குத் தம்பி பேச்சு தேன். அப்பாவுக்கோ கேட்டாலே பல் கூசும்.

அந்த வருடம் அப்பா எஸ்டேட் வேலையை விட்டிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்ததால் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு எங்களிடமே இருந்தது. இலங்கையிலிருந்து வந்த நாள் முதல் எங்கள் குடும்பம் அடுத்தவர் தேயிலையில்தான் உழைத்தது. ஒரே ஒரு போகமாவது தனக்கென்று விளைவித்துப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. லயத்துக்கு மேலே, இரண்டு மலைகள் சேரும் பள்ளத்தில் ஒரு சதுப்பு நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். கோரையைத் தவிர ஒன்றும் முளைக்காது. நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் கேரட் போடலாம். அக்கம்பக்கத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

மாமா நிலத்தைச் சுற்றி வந்துவிட்டு போனில் ஒரு வீடியோ காட்டினார். எங்கள் மலை மாதிரியே மலை, அதே தேயிலை, அதே மஞ்சு மூட்டம். ஆனால் பள்ளங்களில் மட்டும் தேயிலை இல்லை. ஆள் உயரக் கோரை, நடுவே ஒல்லியாக ஓர் ஓடை. அதுதான் கீழே போய்ப் பெரிய ஆறாகிறதாம்.

"அத்தான், அங்க இந்த ஈரத்துல யாரையும் கை வைக்க விட மாட்டாங்க. மழைத்தண்ணிய இதுதான் பிடிச்சு வச்சு, வெயில் காலத்துல கொஞ்சங்கொஞ்சமா விடுது. இத வடிச்சா நம்ம பீலி நின்னுரும்."

பீலி என்றால் லயத்தருகே மலையிலிருந்து தண்ணீர் விழும் குழாய். எங்கள் லயம் முழுவதுக்கும் குடிக்க, குளிக்க அது ஒன்றுதான்.

"உங்க கென்யாவுல சிங்கமும் இருக்கும் மச்சான். அதையும் லீவுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றார் அப்பா.

வீடியோ பார்க்கக் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லீவு முடிந்து திரும்பிப் போகும்வரை கென்யா என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. அதை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாய்க்கால் வெட்டி முடித்த அன்று கடைசி மண்கரையை உடைக்கும் பெருமையை அப்பா எனக்குக் கொடுத்தார். எனக்கு எட்டு வயது. மண்வெட்டி என்னைவிடக் கனம். நாலாவது வெட்டில் கரை சரிந்து கறுப்புத் தண்ணீர் பாய்ந்தது. கத்திக்கொண்டே அதன் கூடவே ஓடினேன். ஓர் ஆற்றையே திறந்துவிட்ட கர்வம் எனக்கு.

கேரட் அமோகமாக விளைந்தது. அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த மார்ச்சில் பீலி நூலாக இளைத்தது. ஏப்ரலில் சொட்டியது. அம்மா கொழுந்துக்கூடையை இறக்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழ் ஓடைக்கு இறங்குவாள். இருட்டும்போது மூச்சிரைக்க ஏறி வருவாள். தீட்டோடு யாரோ பீலியைத் தொட்டுவிட்டார்கள், அதுதான் சாமி குத்தம் என்று லயத்துப் பெண்கள் முடிவு செய்தார்கள். பீலிக்கரை அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பொருள் படையல். எங்கள் வீட்டிலிருந்து கேரட்.

பெரிது பெரிதாக நான்தான் பொறுக்கினேன். அம்மா சுமந்து வந்ததில் அரைக் குடத்தை ஊற்றி, மண் போகக் கழுவி அம்மன் முன்னால் அடுக்கினேன்.

"யாரு செஞ்ச குத்தமோ தாயே, பொறுத்துக்க" என்று அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அப்பா மட்டும் மூடவில்லை, கேரட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமி கும்பிடாமல் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அம்மாவின் பாதவெடிப்புகளைப் பார்த்தேன். அழுகை வந்தது. கண்ணை இறுக்கி மூடி, யார் செய்தார்களோ அவர்கள் கண்ணைக் குத்து சாமி என்று மனதார வேண்டிக்கொண்டேன்.