வெள்ளைப் பக்கம் வெளியே

பனிமலைப் படம் தபாலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கை நீளத்துக்கு ஓர் அட்டைக் குழல். அதற்குள் சுருட்டிய விளம்பரத் தாள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அப்படி ஒன்று வருவதே அதிசயம். "டீச்சரம்மாவுக்கு சீமைலேர்ந்து மறுபடியும் வந்துகீது" என்று கிண்டல் செய்துகொண்டே தபால்காரர் என் அத்தையிடம் நீட்டினார். அத்தை கையைக் கழுவி, துடைத்து, பாயை விரித்து, நான்கு மூலையிலும் கனம் வைத்து அதைப் பிரித்தாள். நீல வானம், வெள்ளை மலை, அடியில் ஒரு விமானக் கம்பெனியின் பெயர். அன்றைக்கு அவள் சோறு தின்ன மறந்துவிட்டாள்.

அத்தை எங்கள் நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. கல்யாணமான இரண்டே வருஷத்தில் புருஷனை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். எழுபதுகளில் ஊர் பாலவாடியில் டீச்சராக இருந்தாள். விமானக் கம்பெனி, டீ கம்பெனி, சோப்புக் கம்பெனி, ரயில்வே என்று விலாசம் கிடைத்த இடத்துக்கெல்லாம் கார்டு போடுவாள்: பாலவாடிக் குழந்தைகளுக்குக் காட்டப் படம் அனுப்பவும். பெரும்பாலும் பதில் வராது. வந்ததை வாரத்துக்கு ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவாள். குழந்தைகள் கைகட்டிக்கொண்டு பார்க்கலாம், தொடக் கூடாது. ஆனால் குழந்தைகளுக்காக மட்டும்தான் சேர்த்தாள் என்றால் அது பொய். பைத்தியம் அவளுக்கே இருந்தது. எந்தத் தாளில் சிவப்பு அழுத்தமாக விழுந்திருக்கிறது, எதில் மை இழுவியிருக்கிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பாள். டீ விளம்பரத்துப் பெண்ணைக் காட்டி, "இவ டீயே குடிச்சதில்ல. சூடு கிளாஸ இப்படியா புடிப்பாங்க?" என்பாள். ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் எங்கிருந்து, என்றைக்கு வந்தது என்று பென்சிலால் பொடியாக எழுதுவாள். பிறகு பழைய வேட்டியில் சுற்றி, பூச்சி அரிக்காமல் வசம்பு போட்டு, தகரப் பெட்டியில் வைப்பாள்.

எனக்கு வரன் வந்தது ஓர் ஐப்பசி மாதம். மாப்பிள்ளை வீட்டார் ராஜகுளத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்ப்பார்கள்? எங்கள் கூடத்துச் சுவரில் அடுப்புப் புகையும் மழைக்கறையும் திட்டுத்திட்டாக இருந்தன. அடைமழையில் சுண்ணாம்பு அடித்தால் காயாது. அவர்கள் வருவதற்கு முன்பே அத்தையைத் தாமலில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல காரியத்தில் தாலியறுத்தவள் எதிரே வரக் கூடாதாம். என் படிப்புக்கு அவள் சம்பளம் ஆகும். என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவள் முகம் ஆகாது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் இல்லாத வீட்டில், சுவர்க்கறையை மறைக்க நைனா அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தார். என் அண்ணன் ஏணியில் ஏறினான். முதல் தாளைப் படம் தெரியும்படி ஒட்டப் போனவனை நைனா தடுத்தார். "வெள்ளக்காரி தொடை தெரிய நிக்கிறா. சம்மந்தி வூட்டார் பாத்தா இன்னா நெனைப்பாங்க? வெள்ளப் பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி ஒட்டு." அப்படியே எல்லாவற்றையும் ஒட்டினார்கள். கடற்கரையும் ரயிலும் பனிமலையும் மண்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. அத்தையை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நான் சொல்லவில்லை. அடுப்படியில் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்ததே நான்தான்.

மறுநாள் வந்த என் வருங்கால மாமியார் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "வூட்ட லட்சணமா வச்சிக்கினு கீறீங்க" என்றார். வரன் முடிவானது.

அதற்கடுத்த நாள் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்ததும், "அட, சொவரு பளிச்சினு கீது. இந்த மழையில எப்படிக் காஞ்சிது?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டாள். பையை ஆணியில் மாட்டப் போனவள் அப்படியே நின்றாள். சுவரில் அவளுடைய பென்சில் எழுத்து. அதைப் படித்தாள். நகர்ந்து அடுத்ததைப் படித்தாள். அடுப்படி வாசல் வரைக்கும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டே போனாள். "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"காயிதம்தானே. பொண்ணு கல்யாணத்த வுட காயிதம் பெருசா?" என்றார் நைனா.

அதன்பிறகு அவள் யாருக்கும் கார்டு போடவில்லை. என் கல்யாணத்திலும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அந்தத் தாள்களின்மேல் சுண்ணாம்பு ஏறியது. அத்தையும் போய்ச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் இதன் மதிப்பு யாருக்குத் தெரியும் என்று இப்போது உறவுக்காரர்கள் நைனாவுக்குப் பரிந்து பேசுகிறார்கள். மதிப்பு எதற்குத் தெரிய வேண்டும்? வசம்பு போட்டு மூடி வைத்த பெட்டி இன்னொருத்தியுடையது என்று தெரிந்தால் போதாதா?

போன மாதம் அண்ணன் அந்த வீட்டை இடிக்க ஏற்பாடு செய்தான். பழைய விளம்பரப் படங்களுக்கு இப்போது கிராக்கி என்று யாரோ சொல்ல, சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளரை வரவழைத்தான். என்னையும் கூப்பிட்டிருந்தான். வந்தவர் சுண்ணாம்பைச் சுரண்டி, ஆவி காட்டி, ஒரு தாளைப் பொறுமையாக உரித்தார். பனிமலை பாதிதான் வந்தது. மீதி சுவரோடு போயிற்று. பின்பக்கத்து மூலையில் இருந்த எழுத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர், "எவ்வளவு ஒழுங்கா குறிச்சிருக்காங்க. கண்காட்சியில வைக்கணும்னா சேகரிச்சவர் பேரு போடணும். இது யாரு?" என்று கேட்டார்.

"எங்க நைனாதான் சார்" என்றான் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "கெட்டுப்பூடக் கூடாதுன்னு சொவத்துலயே ஒட்டிக் காப்பாத்தி வச்சாரு." கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எழுத்து நைனாவுக்கு வராது.

"அவரு ஒட்டுனவரு. சேத்தது எங்க அத்த. ஒட்டும்போது அவங்க வூட்ல இல்ல. அவங்க மொகத்த மத்தவங்க பாக்கக் கூடாதுன்னு நாங்கதான் அனுப்பிட்டோம்" என்றேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். வந்தவர் பேனாவைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார்" என்றேன். "பச காய்ச்சிக் குடுத்தது நானு. அதையும் சேத்து எழுதுங்க."