மாப்பிள்ளையின் பேர் இல்லாத இடாப்பு

கல்யாணமாகி ஐந்தாவது மாதத்தில் என் கணவர் என் உம்மாவின் வாக்குரிமையைப் பறித்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே பறித்தார். அந்தத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்ததும் உம்மாதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொதுத் தேர்தல் வரவிருந்த நாட்கள் அவை. கல்முனையில் எங்கள் ஆட்களுக்குள் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி இவர் சம்மாந்துறையிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடும் இரண்டு பெட்டி புத்தகங்களோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கணித ஆசிரியர். எதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோல்தான் பேசுவார்.

"ஓ.எல். பாஸ் பண்ணாதவங்களுக்கு வோட்டுக் குடுக்கிறதே பிழை" என்றார் அன்று. "வாகனம் ஓட லைசன்ஸ் கேக்கிறம். நாட்ட ஓட்டுற ஆள எடுக்கிறதுக்கு ஒண்டுமே கேக்கிறல்ல. ஆயிரம் பேர் கண்ண மூடிக்கிட்டுப் புள்ளடி போட்டா, கண்ணத் திறந்து போட்ட ஒருத்தன்ட வோட்டு எங்க போகும்?"

கேத்தலோடு நின்ற உம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எனக்கில்லையா மருமகன்?"

உம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். இவர் கோப்பையைப் பார்த்தபடி, "நான் பொதுவாத்தான் கதச்சன் மாமி" என்றார்.

"பொதுவுக்குள்ளதானே மகன் நானும் இரிக்கன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். ஆனால் எனக்குள் ஒரு கொதிப்பும் இருந்தது. இத்தனை பேசுகிற இவர் அதுவரை ஒரு தேர்தலிலும் புள்ளடி போட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "ஆயிரத்துக்குள்ள ஒண்டு, போட்டா என்ன, போடாட்டி என்ன" என்பார். போகாதவர், போகிறவர்களையும் போகவேண்டாம் என்கிறாரே என்றுதான் எனக்குக் கோபம்.

"சரி, சோதன வைங்க பாப்பம்" என்றேன்.

சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜும்ஆ முடிந்து சோறும் தின்ற பிறகு, கொப்பித் தாளில் பத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு முற்றத்து வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பரீட்சார்த்திகள் மூன்று பேர். நான், உம்மா, பக்கத்து வீட்டுத் தண்டயல். தண்டயல் என்றால் கரைவலைத் தோணிக்காரர்களுக்குத் தலைவர். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். எழுத்து வாசிப்பு இல்லாதவர்களுக்காக எல்லாவற்றையும் வாயால் கேட்பதாக ஏற்பாடு. ஐந்து எடுத்தால் பாஸ்.

"பாராளுமன்றத்தில எத்தின உறுப்பினர்?"

தண்டயல் யோசித்தார். "கடக்கரைக்கு வந்தவரு ஒராள். மத்தவங்கள நான் காணல்ல சேர்."

"ஜனாதிபதிக்கு உள்ள அதிகாரத்தில மூண்டு செல்லுங்க மாமி."

"இல்லாதத செல்லட்டா மகன்? அது சுருக்கமா இரிக்கும்."

இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் புள்ளி போடவில்லை. புள்ளி விஷயத்தில் அவர் கறார். முடிவில் தண்டயலுக்கு ஒன்று, உம்மாவுக்கு இரண்டு, எனக்கு ஒன்பது. நான் ஏ.எல். முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தவள். வானொலிச் செய்தி ஒன்றையும் விடமாட்டேன். தண்டயலுக்குக் கவலையே இல்லை. "நல்லது. எலக்சன் அண்டைக்கு நான் கடலுக்குப் போகலாம்" என்று எழுந்தார்.

"இரிங்க" என்றேன். "இன்னொரு பேப்பர் இரிக்கி. இது நான் போட்டது. சேரும் எழுதணும்."

இவர் சிரித்தபடி பேனாவைத் திறந்தார். என் கேள்விகள் எல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தன. கிராம சேவகரின் கந்தோர் எந்தெந்த நாள் திறக்கும்? வாக்குச் சீட்டில் எத்தனை வேட்பாளரின் விருப்பு இலக்கத்துக்குப் புள்ளடி போடலாம்? வடிகான் அடைத்துக்கொண்டால் யாரிடம் முறையிட வேண்டும்? இப்படியே ஒன்பது. பத்தாவது கேள்வி: உங்கள் பெயர் எந்த வாக்காளர் இடாப்பில் இருக்கிறது?

தண்டயல் ஏழு எடுத்தார். அந்த யுத்த காலத்தில் கடலுக்குப் போவதற்கான அனுமதிப் பாஸ் எடுக்க அவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. வாப்பா மௌத்தானபின் பென்சனுக்காக நடந்து நடந்து உம்மாவும் எல்லாக் கந்தோர்களையும் அறிந்திருந்தார். அவருக்கு ஆறு. கணித ஆசிரியர் நான்கு. பத்தாவது கேள்விக்கு நேரே ஒன்றும் எழுதாமல் வெறும் கோடு போட்டிருந்தார்.

தண்டயல் அவர் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல சேர். நீங்களும் வாங்க, ஒண்டாக் கடலுக்குப் போவம்."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வளவுக் கோழிகள் கலைந்து ஓடின. இவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அந்தப் பத்தாவது கேள்வி அவரை விடவில்லை. திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கிராம சேவகரிடம் போனார்.

கிராம சேவகர் வாக்காளர் பேர்ப்பட்டியலான இடாப்பைப் புரட்டினார். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே உம்மாவின் பெயரும் என் பெயரும் மட்டுமே இருந்தன. "இது கல்யாணத்துக்கு முந்தி நிரப்பின படிவம். உங்கட பேர் சம்மாந்துறையில, உம்மாட வீட்டில இரிக்கும்" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்தபிறகுதான் காரணம் சொன்னார்.

"அங்கயும் இரிக்காது. நான்தான் உம்மாக்கிட்ட செல்லி வெச்சிருந்தன், படிவம் வந்தா என்ட பேர எழுத வேணாம், எனக்கு இதில விருப்பமில்ல எண்டு."

"அப்ப உங்களுக்கு நல்லதுதானே?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

மோட்டார் சைக்கிளை உதைக்காமல் அப்படியே நின்றார். "இல்ல புள்ள. போடாம இரிக்கிறது வேற, போட ஏலாம இரிக்கிறது வேற. இவ்வளவு நாளும் நான் போகாம இருந்தன். இப்ப எண்டா, நான் இல்லவே இல்ல எண்ட மாதிரி இரிக்கி."

அதற்குப் பிறகு படிக்காதவர்களின் வோட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கிளறவில்லை.

தேர்தல் நாளில் காலையிலேயே உம்மாவும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். தண்டயல் எங்களுக்கும் முந்தி வரிசையில் நின்றார். பெருநாளுக்கு எடுத்த சாறனைக் கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மை பூசிய சின்ன விரலை மறைத்துக்கொண்டுதான் இவருக்குச் சோறு போட்டேன். அவர் கவனித்துவிட்டார். "காட்டு பாப்பம்" என்று என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார்.

இரண்டு மணி தாண்டியிருக்கும். வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். சம்மாந்துறையில் நெல் ஆலையில் வேலை செய்யும் அவருடைய தம்பி, வியர்வையில் நனைந்துபோய் நின்றார்.

"உம்மா அனுப்பினா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீங்க ஏச மாட்டீங்க எண்டா மட்டும் செல்லச் சென்னா."

"என்னத்த?"

"உங்கட வோட்டுக் காட் வந்திரிக்கி. வந்து ரெண்டு கிழமை. நீங்க ஏசுவீங்க எண்டு அலுமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா."

இவர் சேர்ட்டுக்குள் கையை விட்ட வேகத்தில் ஒரு பொத்தான் தெறித்தது. "நீயும் வா" என்றார் என்னிடம். தம்பியை எங்கள் வீட்டில் சோறு தின்னச் சொல்லிவிட்டு ஏறினோம். வாக்களிப்பு நான்கு மணிக்கு முடிந்துவிடும்.

சாய்ந்தமருது கடந்து காரைதீவு முச்சந்தியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் போல நானும் இறங்கி நடந்தேன், இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காவலுக்கு நின்ற இளைஞன் என் விரலைப் பார்த்தான், பிறகு இவருடைய விரலைப் பார்த்தான். தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி, கெதியாப் போ என்று கையால் சைகை செய்தான். பையைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை.

சம்மாந்துறை வீதியில் இரண்டு பக்கமும் சிறுபோக வெள்ளாமை விளைந்து கிடந்தது. அறுவடை தொடங்கிவிட்ட இடங்களில் பாதி வீதி வரைக்கும் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அதில் ஏறாமல் இவர் வளைத்து வளைத்து ஓட்டினார். காற்றில் என் முந்தானை படபடத்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டுமாக அவ்வளவு தூரம் போனது அன்றுதான். ஒரு இடத்தில் அவர் ஏதோ பாடினார். இன்னொரு தரம் பாடச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.

அவருடைய உம்மா, என் மாமி, வாசலிலேயே நின்றார். கையில் அட்டை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஏச மாட்டாயே?" என்றார்.

"எழுத வேணாம் எண்டு சென்னனே உம்மா."

"நீ சென்னாய். நான் எழுதுவிச்சன். மூத்தவன்ட பேர் செல்லி, உன்ட பேர விட்டுட்டு, இளையவன்ட பேரச் செல்லுறத்துக்கு எனக்கு நாக்கு வருமா? வோட்டு உன்ட விருப்பம். பேர் நான் வெச்சது."

இவர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே மாமி, "சோறு இரிக்கி, தின்னுட்டுப் போ" என்றார். மூன்றரை மணி. நான் தலையில் கை வைத்தேன். இவர் நின்றபடியே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லை. நான் கேற்றுக்கு வெளியே நின்றேன். உள்ளே இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பது எனக்குக் கேட்டது. தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப் பெயர். தன் பெயர் வாசிக்கப்பட்டதும் இவர் வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்வதுபோல "ஓம் சேர்" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். ஒரு புள்ளடிக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டேன்.

"மூண்டு தரம் சரிபாத்தன்" என்றார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்று அவரும் இன்றுவரை கேட்கவில்லை. மாமி வீட்டில் மீதிச் சோற்றையும் கருவாட்டுக் கறியையும் தின்றுவிட்டு, வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டோம். வழிநெடுக மை விரலை விறைப்பாக நீட்டியபடியே அவர் ஓட்டினார். காய்வதற்காகவாம்.

அடுத்த வருடம் வாக்காளர் படிவங்கள் வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் எழுதத் தெரியாத வீடுகளுக்கெல்லாம் இவரே பேனாவோடு போய் நிரப்பிக் கொடுத்தார். வாசலில் நின்று அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வீட்டுக்குப் புது மாப்பிள வந்திரிக்காரா?" என்பதுதான்.

மூன்றாவது வீட்டில் ஒரு புது மாப்பிள்ளை இருந்தார். வரிப்பத்தான்சேனையில் வேளாண்மை செய்தவர். கூச்சத்தோடு வெளியே வந்து, "எனக்கு எலக்சனில விருப்பமில்ல சேர், விடுங்க" என்றார்.

"விருப்பம் உங்கட பாடு" என்றார் இவர், படிவத்தைத் தொடையில் வைத்து நீவியபடி. "முழுப் பேரச் செல்லுங்க. ஆறுதலாச் செல்லுங்க, பிழயில்லாம எழுதணும்."