மிலாடா குலுக்காத கை

குளியலறையிலிருந்து ‘கிர்ர்ர்’ என்று சத்தம் வந்தபோது, மிலாடா சமையலறையில் சூப்புக்கு ஈரல் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஓட்மர் மறுபடியும் சுவரைத் துளைக்க ஆரம்பித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நொடியே கையிலிருந்த உருண்டையைக் கீழே போட்டாள். ஆண்களுக்கு முடி வெட்டும் சலூனை முப்பது வருஷமாக நடத்துகிறவள். சவர மெஷினின் குரல் அவளுக்குத் தெரியாதா?

"லுமீர்! உள்ள என்ன பண்றே?"

சத்தம் நின்றது.

"ஒண்ணுமில்ல. பல்லு தேய்க்கிறேன்."

"பல்லுக்கு எதுக்குய்யா மெஷினு? கதவைத் திற!"

கதவு திறந்தது. அவள் கணவன் நின்றான். இடது கன்னம் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரிப் பளபளத்தது. வலது கன்னத்தில் ஐந்து வாரத் தாடி அப்படியே இருந்தது.

"அடப்பாவி!" மிலாடா மாவுக் கையோடு சுவரில் சாய்ந்தாள். "இன்னிக்கு ஏழாவது ஆட்டம்யா! சாயங்காலம் ஏழாவது ஆட்டம்!"

யாவோரோவ்காரர்களுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. மார்ச் மாதம் கோப்பைக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எந்த ஆணும் தாடியில் கை வைக்க மாட்டான்; வைத்தால் தோல்விதான். நம் ‘கரடிகள்’ ஐஸ் ஹாக்கி அணி வெளியேற வேண்டும், அல்லது கோப்பையைத் தூக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும்வரை ஆட்டக்காரன், தபால்காரன், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் எல்லோருக்கும் ஒரே மூஞ்சிதான். பாதிரியார்கூட ஈஸ்டர் பூசையைத் தாடியோடுதான் வைப்பார். மேலிடத்திலிருந்து கேட்டால் தோல் வியாதி என்பார்.

அந்த வாரங்களில் மிலாடாவின் சலூன் காற்று வாங்கும். சுழல் நாற்காலியில் அவளே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவாள். கரடிகள் தோற்ற மறுநாள் காலையில் கடை வாசலில் வரிசை நிற்கும். "நீங்க அழுதா எனக்குப் பொழப்பு" என்று சொல்லிக்கொண்டே கத்தியைத் தீட்டுவாள். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் அவள்தான் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஹாக்கி பார்க்க ஆரம்பித்தவள். அப்பாவுக்கு இரண்டு தோள். ஒன்றில் மிலாடா, இன்னொன்றில் அக்கா ஹெட்விகா.

அந்த அக்காதான் இந்தக் கதையின் முள்.

ஹெட்விகா கல்யாணமாகிப் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓல்ஷவாவுக்கு. ஓல்ஷவாவின் ‘பருந்துகள்’ எங்கள் பரம எதிரிகள். அதனால் என்ன? ஆற்றின் இரு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள்தான். அதற்காகவே ஒரு வழக்கம் உண்டு. ஒரு தொடர் முடிந்ததும் பனித்தளத்தில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கை குலுக்குவார்கள் அல்லவா, அதேபோல் தோற்ற ஊர்க்காரன் ஜெயித்த ஊரில் இருக்கும் தன் சொந்தக்காரன் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த சுற்று ஆரம்பிப்பதற்குள் போக வேண்டும். வாசலில் நின்று கை குலுக்கி, "வாழ்த்துகள், நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். கோட்டைக் கழற்றக் கூடாது, உட்காரக் கூடாது. ஜெயித்தவன் தோற்றவன் வீட்டுக்குப் போகவே கூடாது. அது வெந்த புண்ணில் உப்புத் தேய்ப்பது.

சில வருஷங்களுக்கு முன் இதே இரண்டு அணிகளும் அரையிறுதியில் மோதின. கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் ஹெட்விகா தங்கையைப் பார்க்க வந்தாள். மிலாடா சலூனில் இருந்தாள். ஹெட்விகா வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல், கொக்கியில் தொங்கிய தங்கையின் கரடிகள் மஃப்ளரை எடுத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்துவிட்டுப் போனாள். ஒரு மாசமாக வியர்வையும் பியரும் சாசேஜ் நாற்றமும் ஏறிய மஃப்ளர்! ஜெயிக்க ஜெயிக்கத் துவைக்கவே கூடாத மஃப்ளர்!

மறுநாள் கரடிகள் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

"உங்க ஊருக்காகத்தானே தொவைச்சே?" என்று மிலாடா போனில் கத்தினாள்.

"அழுக்கா இருந்துச்சுடி, தொவைச்சேன். கூடப்பிறந்தவளைப் பார்த்து இப்படிக் கேட்கிறியா?"

"கேட்பேன். நீ பருந்துக்கு வாக்கப்பட்டவதானே!"

தோற்றவள் மிலாடா. போய்க் கை குலுக்க வேண்டியவள் அவள்தான். போகவில்லை. ஹெட்விகா அன்று முழுக்க வாசல் விளக்கைப் போட்டு வைத்திருந்தாளாம். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட ஆற்றைத் தாண்டவில்லை. இரண்டு அணிகளும் பிளே-ஆஃபில் மறுபடி சந்திக்கவும் இல்லை. ஒன்று அவர்கள் முதல் சுற்றிலேயே போவார்கள், இல்லாவிட்டால் நாம் போவோம். இந்த வருஷம்தான் மீண்டும் அரையிறுதி. ஆளுக்கு மூன்று வெற்றி. இன்று முடிவைச் சொல்லும் ஏழாவது ஆட்டம்.

அந்த நாளில்தான் இந்த மனிதன் பாதி மூஞ்சியோடு நிற்கிறான்.

"ஏன்யா இப்படிப் பண்ணே?" மிலாடாவின் குரல் உடைந்தது.

லுமீர் மெஷினைக் கீழே வைத்தான். "நாம தோக்கணும்னு பண்ணேன்."

"என்னது?"

"தோத்தாதான் நீ போவே. உனக்கு இன்னொரு தடவை போக வழி கிடைக்கும். ஜெயிச்சா உன் அக்கா வரணும். நீ அன்னிக்குப் போகல, அவங்க இன்னிக்கு ஏன் வருவாங்க? அத்தோட முடிஞ்சுது."

"நான் போறேன்னு உனக்கு யார் சொன்னா?"

லுமீர் ஆற்றைக் கடக்கும் பஸ்ஸை ஓட்டுகிறவன். "உன் அக்கா வியாழக்கிழமை தவறாம என் பஸ்ல ஏறுவாங்க. சந்தைக்கு. ஏறும்போது ஒரு பேச்சும் இல்ல. இறங்கும்போது மட்டும், ‘மிலா நல்லா இருக்காளா?’ன்னு கேட்பாங்க. நல்லா இருக்கான்னு சொல்லுவேன். இறங்கிப் போயிடுவாங்க. இத்தனை வருஷமா இதேதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. இன்னிக்கு மீறிட்டேன்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. மிலாடா போய் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "உட்காரு. பாதியில விட்டா இன்னும் கேவலம்" என்று அவனைத் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்து மீதிக் கன்னத்தையும் அவளே மழித்தாள். மழிக்கும்போது கண்ணீர் அவன் தோளில் சொட்டியது. அவனும் துடைக்கவில்லை, அவளும் துடைக்கவில்லை.

சாயங்காலம் அரங்கத்துக்குப் போகும்போது லுமீரின் மூஞ்சியில் மூக்குவரை மஃப்ளரைச் சுற்றிவிட்டாள்.

"என்னாச்சு லுமீர்?" என்றான் ஓட்மர். அவன் தாடி காதுவரை புதராக மண்டியிருந்தது.

"பல்வலி" என்றாள் மிலாடா முந்திக்கொண்டு.

"அதுக்குக் கண்ணு மட்டும் தெரியுற மாதிரியா கட்டுவாங்க? பாங்கியைக் கொள்ளையடிக்கப் போறவன் மாதிரி இருக்கான்!"

ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதிவரை பல்வலி தாங்கியது. பருந்துகள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். நம் ஆள் அடித்த அடி கோல் கம்பத்தில் பட்டு ‘டங்’ என்று திரும்பியபோது, லுமீர் தன்னை மறந்து எழுந்து கத்தினான். மஃப்ளர் நழுவிக் கழுத்தில் விழுந்தது.

வரிசை முழுவதும் திரும்பியது.

"மழிச்சிருக்கான்!" ஓட்மர் அலறினான். "மழிச்சிருக்கான்யா! இவனாலதான்யா தோக்குறோம்! இவனை வெளிய தள்ளுங்க!"

"ஏண்டா, உனக்கு இந்த ஊர்ல பொண்ணு கொடுத்ததுக்கு இதுதான் கைம்மாறா?" என்று பின்வரிசைக் கிழவர் ஒருவர் தொப்பியை வீசினார்.

"போறேன், போறேன். தள்ளாதீங்க, பியர் கொட்டுது" என்று லுமீர் சிரித்துக்கொண்டே வெளி வராந்தாவுக்குப் போனான்.

அவன் போன மறு நிமிஷம் கரடிகள் சமன் செய்தார்கள். அரங்கமே குலுங்கியது. "பார்த்தியா, பார்த்தியா! அவனைத் திரும்ப உள்ள விடாதீங்க!" என்று ஓட்மர் மிலாடாவின் தலையில் முத்தமிட்டான்.

கூடுதல் நேரம். இனி யார் முதல் கோல் போட்டாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. மிலாடா கைகளைக் கோத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து ஒரே பிரார்த்தனைதான் அவளுக்குத் தெரியும்: கடவுளே, நாங்க ஜெயிக்கணும். இன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஜெயித்தால் கோப்பைக்கு ஒரு படி, ஆனால் அக்கா? தோற்றால் நாளைக் காலையே பஸ் ஏறலாம். ஆனால் இந்தப் பாவிகளின் முகத்தைப் பார்க்க முடியுமா? எதைக் கேட்பது என்று தெரியாமல் அவள் கண்ணை மூடினாள். மூடியிருந்த நேரத்திலேயே கூரை இடிந்து விழுவதுபோல் ஒரு முழக்கம். கரடிகள்! கரடிகள்!

முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளைக் கட்டிப் பிடித்தார்கள். அவள் விம்மி விம்மி அழுதாள்.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றான் ஓட்மர்.

கீழே ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பருந்துகளின் தலைவன், உதடு கிழிந்து ரத்தம் உறைந்தவன், தன் பல்லைப் பெயர்த்தவனின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தான். அடுத்த கை. அதற்கடுத்த கை. ஒருத்தரையும் அவன் விடவில்லை. மிலாடாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை முழுவதும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் மிலாடா கதவருகே போனாள். எல்லாம் பக்கத்து வீட்டுக்கு. ஓட்மரின் மைத்துனன் வந்து குலுக்கினான், சித்தப்பா வந்தார், முன்னாள் மனைவிகூட வந்து குலுக்கிவிட்டு, "தாடி உனக்கு நல்லாத்தான் இருக்கு, பாதி மூஞ்சி மறையுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நானே போயிட்டு வந்துடவா?" என்றாள் மிலாடா.

"ஜெயிச்சவ போனா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்" என்றான் லுமீர். "செவிட்டுல அறைஞ்ச மாதிரி. அதுவும் நீ போனா!"

ஞாயிறு மதியம் சாப்பாட்டுத் தட்டு அப்படியே ஆறிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அரங்கத்துக்குக் கிளம்ப வேண்டும். அப்போது அழைப்பு மணி அடித்தது.

ஹெட்விகா நின்றாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள்.

"வாங்கக்கா" என்றான் லுமீர்.

"உள்ள வரலப்பா. வழக்கம் தெரியாதா?" என்ற ஹெட்விகா அவன் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள். "என்ன இது, ஃபைனலுக்குப் போற ஊர்ல உரிச்ச கோழி மாதிரி நிக்கிறே?"

"அது பெரிய கதைக்கா."

ஹெட்விகா தங்கையின் பக்கம் திரும்பினாள். கையை நீட்டினாள். முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "வாழ்த்துகள், நல்லா ஆடுங்க."

மிலாடா அந்தக் கையைத் தொடவில்லை. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அதுவும் சரிதான்" என்று ஹெட்விகா மெதுவாகச் சொல்லிக் கையை இறக்கப் போனாள். "ஏதோ வரணும்னு தோணுச்சு, வந்தேன்."

"இரு அக்கா!" மிலாடா வெடித்தாள். "உன் முறை இப்ப இல்ல. என் முறை முதல்ல. நான் குலுக்காததை நான் குலுக்காம, உன் கையை எப்படிக்கா பிடிப்பேன்?"

இப்படிச் சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டி வெளியே போய், அக்காவுக்குப் பக்கத்தில், விருந்தாளி நிற்க வேண்டிய மிதியடிமேல் நின்றாள். கையை நீட்டினாள். "வாழ்த்துகள்க்கா. ஃபைனல்ல நல்லா ஆடுங்க."

"எந்த ஃபைனல்?"

"அந்த வருஷத்து ஃபைனல்."

ஹெட்விகாவின் உதடு கோணியது. அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "அடியே, அந்த ஃபைனல்ல ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம நாறிப் போனோம்டி!"

"தெரியும். டி.வி.ல பார்த்தேன். குதிச்சேன்."

"குதிச்சியா!"

"அப்புறம் அழுதேன். நீ அழுதுட்டிருப்பேன்னு நினைச்சு."

ஹெட்விகா அந்தக் கையைப் பிடித்தாள். குலுக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள். பக்கத்துக் கதவைத் திறந்து வந்த ஓட்மர், "யாரு, பருந்துக்காரங்களா? குலுக்கியாச்சா இல்லையா?" என்றான்.

"போடா, தாடிக்காரா!" இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

அவன் போன பிறகு ஹெட்விகா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி. வந்த வேலை முடிஞ்சுது. உட்காரக் கூடாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"காபி?"

"கோட்டைக் கழட்டக் கூடாதுன்னா காபி மட்டும் குடிக்கலாமாக்கும்? எல்லாம் இந்த ஃபைனல் முடியட்டும். அப்புறம் வர்றேன், கோட்டு இல்லாமலே வர்றேன்." படியில் ஒரு கால் வைத்தாள். "மெதுவாப் போறேன். முட்டி வலி."

மிலாடா உள்ளே பார்த்தாள். மேஜையில் ஆறிய தட்டு. சுவர்க் கடிகாரம். அரங்கத்தில் இந்நேரம் கதவுகள் திறந்திருப்பார்கள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு ஃபைனலுக்கும் தாமதமாகப் போனதில்லை.

"நில்லுக்கா. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்."

"உன் ஆட்டம்?"

"அது பாட்டுக்கு ஆடட்டும்."

செருப்பைக்கூட மாற்றவில்லை. வீட்டுச் செருப்போடு அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பேச்சு தொடங்கிவிட்டது, யாருடைய மகனுக்கு என்ன வேலை, யார் செத்தார், யார் பெற்றார் என்று அது மாடிப்படி முழுவதும் எதிரொலித்தது. லுமீர் அந்தச் சத்தம் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நிலைப்படியில் நின்று கேட்டான். பிறகு கதவைச் சாத்தினான்.