காற்றுப் பிடுங்கிய வண்டிகள்

செங்கல்பட்டில் பார்சல் கம்பெனிக்கு மூன்று சக்கர வண்டி மிதித்த எங்களில் அவர்தான் நல்ல உயரம். காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். மூட்டை ஏற்றுமுன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் நகரமாட்டார்.

சங்கம் என்று முதலில் வாயைத் திறந்தவன் எங்களோடு வண்டி மிதித்த ஒரு நெம்மேலிக்காரன். "வண்டி உங்களுது. நீங்க என் ஆளுங்களே இல்ல. அப்புறம் இன்னா சங்கம்?" என்று மேனேஜர் அவனைத் துரத்திவிட்டார். வெளியூர் ஆள், அவனுக்காக யார் நிற்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தைரியம்.

மறுநாள் எல்லா வண்டிகளும் கம்பெனி வாசலில் தரையோடு அமுங்கி நின்றன. அண்ணாத்த சொல்லி, எங்கள் கையாலேயே காற்றைப் பிடுங்கியிருந்தோம்.

"ஸ்ட்ரைக்கா?" என்று கத்தினார் மேனேஜர்.

"நாங்கதான் உங்க ஆளுங்களே இல்லியே சார், எப்டி ஸ்ட்ரைக் பண்றது? எங்க வண்டி, எங்க டயரு. காத்து இல்ல." சொல்லிக்கொண்டே அண்ணாத்த டயரை அழுத்திக் காட்டினார்.

"எப்பதான்யா காத்து வரும்?"

"அவன் வரட்டும், காத்தும் வரும்."

தேங்கிய பார்சல்கள் கூரையைத் தொட்ட பிறகு நெம்மேலிக்காரனைக் கூப்பிட மேனேஜரே ஆள் அனுப்பினார். வந்தவன் கையில் பம்பைக் கொடுத்து, "நீ அடி மச்சான்" என்றார் அண்ணாத்த.

அதன்பிறகு எத்தனையோ கூட்டங்களில் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சங்கம் என்றால் இன்றும் என் காதில் கேட்பது அந்தப் பம்புச் சத்தம்தான்.