மூக்கை அடக்கிய லென்ஸ்

யுத்தத்துக்கு முந்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டோ எடுத்துவந்த வேதசிரோமணி முன்கோபக்காரர். ஊரார் மூக்குகளால் வந்த கோபம் அது. அவரிடம் இருந்தது குட்டை லென்ஸ். முகம் பெரிதாக விழ வேண்டுமென்றால் கேமராவை ஆளின் கிட்டே கொண்டுபோக வேண்டும். போனால் மூக்கு முந்திக்கொண்டு வந்து படத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். படத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வராமலே நின்றுவிடுவார்கள்.

ஒருவழியாக மதுரையிலிருந்து நீள லென்ஸ் வந்தது. தள்ளி நின்றே முகத்தைப் பெரிதாகப் பிடிக்கலாம். மூக்கும் அடங்கிக் கிடக்கும். ஆனால் தள்ளி நிற்கக் கடையில் இடம் ஏது? ஆளைக் கடைக்குள் உட்கார்த்திவிட்டு, கேமராவை எதிர்சாரியில் அய்யூபின் அரிசிக் கடையில் வைத்தார். நடுவே மாட்டுவண்டிகள் போகும். “தாடையைத் தூக்கும்” என்று அவர் கத்தினால் தெருவே தாடையைத் தூக்கும்.

சோழபுரத்து தேவஇரக்கம் தன் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என் மீசை எங்க, அண்ணாச்சி? எங்க அண்ணன் படத்துல எம்புட்டுப் பெருசா இருக்கு.”

“அது பழைய லென்ஸு. கிட்டப் போயி எடுத்தது. அதுல எடுத்தா மூக்கும் சேந்துல்லா பெருத்துரும்.”

தேவஇரக்கம் யோசித்தார். “அப்பம் மூக்க அரிசிக் கடையில நின்னு எடுங்க. மீசைய இங்க வந்து எடுங்க.”

வேதசிரோமணி கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. துணி மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.